பச்சையா சிவப்பா என்று கேட்கும் பழைய கார்க்காரர்களுக்கு

பழைய காரை விற்க மனம் வராமல் வைத்திருக்கும் நண்பர்களுக்கு,

உங்கள் வீட்டு வாசலில் நிற்பது அம்பாசடராக இருக்கலாம், ஃபியட்டாக இருக்கலாம், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மாருதி 800, ஜென், எஸ்டீம் என்று எதுவாகவும் இருக்கலாம். அப்பா ஓட்டிய வண்டியை இப்போது கையில் எடுத்திருக்கும் இளைஞர்களையும், எங்கோ தோட்டத்தில் கிடந்த வண்டியைத் தேடிப் பிடித்து ஓடவைத்தவர்களையும் குறிப்பாக மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உங்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, கூலண்ட் பச்சை நல்லதா, சிவப்பு நல்லதா?" கடைக்காரர் கைக்கு எட்டிய டப்பாவை எடுத்துத் தருகிறார். அவர்மேல் குற்றமில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. கூலண்டின் நிறம் வெறும் சாயம். உள்ளே துரு தடுக்கும் எந்த மருந்து இருந்தால் எந்த நிறம் போட வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் இல்லை. டொயோட்டாவின் சிவப்பில் பாஸ்பேட் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் ஜி12 என்ற சிவப்பில் பாஸ்பேட்டும் இல்லை, சிலிக்கேட்டும் இல்லை. ஹோண்டாவின் நீலம் வேறு, பிரிட்டனில் பழைய கார்களுக்கென்று விற்கும் நீலம் முற்றிலும் வேறு. நம் ஊரில் ஒரே பச்சைச் சாயத்தில் மூன்று விதமான சரக்கு கிடைக்கும். அதில் ஒன்று பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கேட்க வேண்டியவை இரண்டு. என் வண்டியில் தண்ணீர் ஓடும் வழியில் என்னென்ன உலோகம் இருக்கிறது? நான் ஊற்றப் போவது எந்தத் தண்ணீர்?

முதலில் உலோகம். அம்பாசடர் 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி. அதில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். அவற்றை ஒட்டி வைத்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. வண்டலூரில் தயாரான ஹெரால்டின் கதையும் ஏறக்குறைய இதேதான். ஃபியட் என்று நாம் அழைக்கும் பிரீமியர் பத்மினி வேறு சாதி. அதன் 1089 சிசி இன்ஜினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயம் எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தண்ணீரில் உப்பும் இருந்துவிட்டால் வண்டியின் உள்ளேயே ஒரு பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். அதில் கரைவது பெரும்பாலும் அலுமினியம். ஹெட்டைக் கழற்றும்போது தண்ணீர்த் துளைகளைச் சுற்றி எலி கடித்ததுபோல் அரித்திருப்பதைப் பல ஃபியட்காரர்கள் பார்த்திருப்பீர்கள். புது கேஸ்கெட் போட்டாலும் அந்த இடத்தில் உட்காராது.

1983இல் வந்த மாருதி 800இல் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஜென், எஸ்டீம் இரண்டிலும் பிளாக்கே அலுமினியம். இந்த வண்டிகளில் ரேடியேட்டரை மட்டும் நேரில் பார்த்துவிடுங்கள். அலுமினியத் தகடும் பிளாஸ்டிக் தொட்டியுமா, இல்லை யாரோ மாற்றிப் போட்ட பித்தளையா என்பது இத்தனை வருடத்தில் கை மாறிய வண்டிக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இனித் தண்ணீர். இதில் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன். தமிழ்நாட்டில் பழைய இன்ஜின்களைக் கொல்வதில் வெயிலைவிடப் பெரிய பங்கு போர்வெல்லுக்கு உண்டு என்பது என் கட்சி.

வெப்பத்தைச் சுமந்து செல்வதில் சுத்தமான தண்ணீரை மிஞ்சிய திரவம் நம் கைக்கு எட்டும் விலையில் இல்லை. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் அந்த வேலையில் தண்ணீரைவிட மட்டம்தான். கிளைக்கால் கலப்பது உறைநிலையைக் கீழே தள்ளவும் கொதிநிலையை மேலே ஏற்றவும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. உதகையில் உறைபனிக் காலத்தில் வாசலில் நிற்கும் வண்டியைத் தவிர, நம்மில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை. நமக்கு வேண்டியது அதனுடன் வரும் துரு தடுக்கும் மருந்துகள். அந்த மருந்து போதிய அளவு இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் கலக்காத கூலண்ட், அதாவது கான்சன்ட்ரேட், மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குக் கீழே போனால் அரைகுறைப் பாதுகாப்பு. பாதிக்கு மேல் போனால் காசும் வீண், வண்டியும் கூடுதலாகச் சூடாகும். சமவெளியில் ஓடும் பழைய வண்டிக்கு ஒரு பங்கு கூலண்ட், இரண்டு பங்கு தண்ணீர் என்ற கணக்கே போதும் என்பேன்.

ஆனால் அந்த இரண்டு பங்கு எந்தத் தண்ணீர்? குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. குளோரைடு 250 வரை ஏற்கலாம். கூலண்டில் கலக்கும் தண்ணீருக்கு அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம். டி3306 சொல்லும் அளவுகளைப் பாருங்கள்: மொத்த உப்பு 340, கடினத்தன்மை 170, குளோரைடு வெறும் 40. நாம் தாராளமாகக் குடிக்கும் தண்ணீர்கூட ரேடியேட்டருக்கு ஆகாமல் போகலாம் என்பதுதான் இதன் பொருள். டேங்கரில் வரும் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய வண்டி என்றால் வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் விடுவது நமக்குப் பழக்கம். போனது ஆவி, உப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதன் மேல் மறுபடி உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் அந்த வெள்ளைதான் உங்கள் சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. கடைசி சிலிண்டரின் பின்பக்கம், ஓட்டம் குறைந்த மூலையில் அது கெட்டியாக நிற்கும். வெளியே ரேடியேட்டர் குளிர்ச்சியாக இருக்கும், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து தருவார். ஒரு மாதத்தில் மறுபடி ஹீட்.

ஆகவே பேட்டரி கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள். ஐந்து லிட்டர் கேன் ஒன்று டிக்கியில் எப்போதும் கிடக்கட்டும். வழியில் மாட்டிக்கொண்டால் ஆர்.ஓ. தண்ணீர் பாட்டில் பரவாயில்லை. முதல் மழை கழுவிவிட்டுப் போன பிறகு, கூரையில் படாமல் பாத்திரத்தில் நேராகப் பிடித்த மழைநீரும் நல்லதே.

இப்போது மருந்துக்கு வருவோம். பழைய வகையை ஐ.ஏ.டி. என்பார்கள். சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற தாது உப்புகள் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காக்கும். படலம் சீக்கிரம் பிடிக்கும். மருந்தும் சீக்கிரம் தீரும். இரண்டு வருடம்தான் ஆயுள். புதிய வகை ஓ.ஏ.டி. கரிம அமிலங்களின் உப்புகளால் ஆனது. அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் மெதுவாகத் தீரும், ஐந்து வருடம் வரை தாங்கும். இரண்டையும் கலந்தவை கலப்பு வகை. ஐரோப்பியர்கள் தங்கள் ஊர்த் தண்ணீர் கடினம் என்பதால் பாஸ்பேட்டைத் தவிர்த்து சிலிக்கேட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஜப்பானியர்கள் சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கிறது என்று அதை விட்டுவிட்டு பாஸ்பேட் பக்கம் போனார்கள். இரு தரப்புக்கும் அவரவர் ஊரில் நியாயம் உண்டு.

நீண்ட ஆயுள் என்று பார்த்தால் ஓ.ஏ.டி. வாங்கத்தான் கை போகும். செம்பு, பித்தளை, ஈயப்பற்று உள்ள பழைய வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அலுமினியத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சரக்கு அது. அதில் சிலவற்றில் இருக்கும் 2-எத்தில் ஹெக்சனாயிக் அமிலம் சிலிக்கோன் சீல்களையும் சில வகை நைலானையும் இளக்கும் தன்மை உடையது. பழைய ஈயப்பற்றுக்கும் அது ஒத்துப்போவதில்லை. பிரிட்டனின் பழைய வாகனக் கழகங்களின் கூட்டமைப்பு, பற்று கரைவதையும் சீல் கெடுவதையும் காட்டி, பழைய கார்களுக்கு ஓ.ஏ.டி. வேண்டாம், பழைய வகையே போதும் என்று தன் உறுப்பினர்களை எச்சரித்தது. அம்பாசடரின் தாய் வண்டியான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை இன்றும் ஓட்டுபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் அனுபவத்தை நாம் ஒதுக்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அம்பாசடரின் பழைய இரும்பு இன்ஜின், ஹெரால்டு, ஃபியட்: சிலிக்கேட் உள்ள, பாஸ்பேட் இல்லாத பழைய வகை கூலண்ட், டிஸ்டில்டு வாட்டருடன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஃபியட்டில் அலுமினிய ஹெட் இருப்பதால் அந்த இரண்டு வருடத்தை மூன்றாக இழுக்காதீர்கள். மாருதி 800, ஜென், எஸ்டீம்: ஜப்பானிய வகை, ஏற்கெனவே கலந்து வரும் ரெடிமேட் சரக்கு. பாஸ்பேட்டும் நம் ஊர்த் தண்ணீரும் சேர்ந்தால் சுண்ணாம்புதான் மிஞ்சும். கலந்தே வருவதை வாங்கினால் அந்தச் சந்திப்பே நடக்காது. இந்த மாருதிகளில் பித்தளை ரேடியேட்டர் மாற்றிப் போட்டிருந்தால் அம்பாசடர் வழிக்கே போங்கள். வெட் லைனர் (தண்ணீர் நேராகத் தொடும் சிலிண்டர் உறை) உள்ள பழைய டீசல் வைத்திருப்பவர்கள் கார் கூலண்டை வாங்காமல், கனரக டீசலுக்கென்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். லைனரின் வெளிச்சுவரில் குழி விழாமல் தடுக்கும் மருந்து அதில்தான் இருக்கும். தண்ணீரே இல்லாத, 180 டிகிரிக்கு மேல் கொதிக்கும் கூலண்ட் என்று ஒன்று வெளிநாட்டில் விற்கிறார்கள். விலை அதிகம், வழியில் ஒழுகினால் எதை ஊற்றுவது? நமக்கு வேண்டாம்.

இரண்டு வகையையும் கலக்காதீர்கள். "எல்லா வண்டிக்கும், எல்லா நிறத்துக்கும்" என்று எழுதிய டப்பாவை அவசரத்துக்குக்கூட நான் நம்புவதில்லை. அவசரத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் மருந்து நீர்த்துப்போகும், அவ்வளவுதான். தெரியாத கூலண்டை ஊற்றினால் இரண்டு மருந்துகளும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். சில சமயம் கூழாகத் திரளும். 1995இல் ஜெனரல் மோட்டார்ஸ் டெக்ஸ்கூல் என்ற ஆரஞ்சு நிற ஓ.ஏ.டி.யை அறிமுகப்படுத்தியது. பின்னாளில் ரேடியேட்டருக்குள் சேறும் கேஸ்கெட் சேதமும் என்று அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டு வழக்குகள் போட்டு, அவை சமரசத் தொகையில் முடிந்தன. அளவு குறைந்து உள்ளே காற்று புகுந்ததும், வேறு சரக்கைக் கலந்ததும் சேற்றுக்குக் காரணங்களாகப் பேசப்பட்டன. இந்த இரண்டும் நம் பழைய வண்டிகளில் தினமும் நடப்பவை.

அடுத்து, கூலண்ட் மாற்றும் முறை. இதுவரை வெறும் தண்ணீரில் ஓடிய வண்டியில் நேராகக் கூலண்டை ஊற்றாதீர்கள். "கூலண்ட் ஊத்தினதும் லீக் ஆரம்பிச்சிடுச்சு, தண்ணியே நல்லா இருந்தது" என்று சொல்லாத பழைய கார்க்காரர் குறைவு. ஓட்டை முன்பே இருந்தது. அதை அடைத்துக்கொண்டிருந்தது துரு. கிளைக்கால் தண்ணீரைவிடச் சிறு இடுக்கில் ஊடுருவும், மருந்து துருவை இளக்கும், உண்மை வெளியே வந்துவிடும். வழியில் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டும் நம் டிரைவர்களின் வைத்தியம் வீடு வந்து சேர உதவும்தான், நான் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த மஞ்சள் ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு காலத்தில் துருவுக்கென்று கட்டிங் ஆயிலைத் தண்ணீரில் கலந்து பாலாக ஊற்றுவார்கள். அந்த எண்ணெய் உப்பவைத்த ஹோஸ் குழாய்கள் இன்னும் சில வண்டிகளில் இருக்கின்றன. விரலால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுத்தால் மாற்றுங்கள்.

இரும்பு இன்ஜின் என்றால் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை நீர்க்கக் கரைத்து, வண்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவலாம். அலுமினிய ஹெட் உள்ள வண்டியில் அதற்கென்றே விற்கும் ஃப்ளஷ்தான் நல்லது. சலவைச் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். கழிப்பறை ஆசிட்டை எந்த வண்டியிலும் ஊற்றாதீர்கள். ஊற்றுபவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

வடிக்கும்போது ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்தால் மட்டும் போதாது. இன்ஜின் பிளாக்கில் நிறையத் தண்ணீர் நின்றுவிடும். அம்பாசடரில் பிளாக்கின் பக்கத்திலும் ஒரு வடிகுழாய் உண்டு. துரு அடைத்து ஆண்டுக்கணக்காக யாரும் திறக்காமல் இருக்கும். அதைத் திறக்க முடியாவிட்டால் கணக்கை மாற்றுங்கள். கொள்ளளவு 6 லிட்டர் என்றால், கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை கழுவிவிட்டு, முதலில் 2 லிட்டர் கான்சன்ட்ரேட்டை ஊற்றுங்கள். மீதி இடத்துக்கு மட்டும் தண்ணீர். கலந்த சரக்கை ஊற்றினால் உள்ளே நிற்கும் தண்ணீரோடு சேர்ந்து பாதியாகிவிடும். ரிசர்வ் டேங்க் இல்லாத வண்டியில் கழுத்துவரை நிரப்பாமல் ஓர் அங்குலம் விடுங்கள். சூடானால் திரவம் விரியும். இடமில்லாவிட்டால் உங்கள் கூலண்ட் ரோட்டில்தான்.

கூலண்டைப் பற்றிப் பேசும்போது மூடியைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள வண்டிக்குக் கையில் மிச்சம் பத்தே டிகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாவது கியரில் முக்கி ஏறிவந்த இன்ஜினுக்கு அது எம்மாத்திரம்? மூடி சரியாக அழுத்தத்தைப் பிடித்தால் கதை மாறும். ஜப்பானிய வழி வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும் 0.9 எண் மூடி, சமவெளியில் வெறும் தண்ணீரைக்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கவிடும். ரப்பர் வளையம் காய்ந்த மூடியோடு மலையேறினால் எந்த விலை கூலண்டும் காப்பாற்றாது. அதற்காக அம்பாசடரின் பழைய ரேடியேட்டருக்குப் பெரிய எண் மூடி வாங்கிப் போடாதீர்கள். ஈயப்பற்று விட்டுப்போகும். பழைய மூடியில் என்ன எண்ணோ அதே எண்.

மெக்கானிக் அண்ணன்மார்களே, இதை நீங்களும் படிப்பீர்கள் என்பதால் ஒரு வேண்டுகோள். ஹீட் ஆகிறது என்று வந்த வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவதை விட்டுவிடுங்கள். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். அடைப்பு எங்கோ இருக்க, அதைத் தள்ளிப்போடுகிற வேலைதானே அது?

தண்ணீரே அதிகம் என்று சொன்ன டப்பாவுக்கு வருகிறேன். லேபிளில் ஐ.எஸ். 5759 அல்லது ஜப்பானின் ஜே.ஐ.எஸ். கே 2234 அல்லது ஏ.எஸ்.டி.எம். டி3306, ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். எண் எதுவும் இல்லாமல் "சூப்பர் கூல்" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். எண்ணையும் போலியாக அச்சடிக்கலாம் அல்லவா? வீட்டில் எடைபோட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே அளவு கான்சன்ட்ரேட் 1,110 கிராமைத் தொடும். பாதிக்குப் பாதி கலந்தது ஏறக்குறைய 1,070 கிராம். மூன்றில் ஒரு பங்கு என்றால் 1,045 வாக்கில். 1,010 கிராம் காட்டினால் நீங்கள் வாங்கியது பச்சைத் தண்ணீர். இந்தச் சோதனையில் மருந்தின் தரம் தெரியாது. கிளைக்கால் இருக்கிறதா என்பது மட்டும் தெரியும். ஏமாறாமலிருக்க அதுவே பெரிய உதவி.

ஊற்றிய கூலண்டின் பெயர், வகை, கலந்த விகிதம், தேதி நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ரேடியேட்டருக்கு மேலே ஒட்டிவையுங்கள். நாளை வேறொருவர் பானெட்டைத் திறக்கும்போது நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிராது.

கடைசியாக ஒன்று, வண்டியைவிட முக்கியமானது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அது விஷம். கொஞ்சம் நக்கினாலும் நாயும் பூனையும் சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். பழைய ரேடியேட்டரிலிருந்து வடித்ததில் ஈயமும் கரைந்திருக்கும். வாசலிலோ சாக்கடையிலோ கொட்டாமல், கேனில் பிடித்து இறுக மூடி, "விஷம்" என்று எழுதி, கழிவு எண்ணெய் எடுத்துச் செல்லும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல், கூலண்ட் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்புடன்,
ஒரு ஃபியட்காரன்